ஒளி கத்தியான வரலாறு

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்னும் ஆசை மாணவர் பலருக்கு உண்டு. லேசர் சிகிச்சை அவ்வாசையை நிறைவேற்றும் என்று கேள்வியுற்றதும் அவர்கள் மனம் துள்ளுகிறது. அச்சிகிச்சை பிறந்த வரலாற்றை அறிந்தால், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் விளங்கும்.

கண்ணின் முன்புறத்தில், கடிகாரத்தின் மேற்கண்ணாடிபோல, ஒளிபுகும் மென்படலம் ஒன்று உள்ளது. அதுவே கருவிழிப்படலம். நடுவில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கிட்டப்பார்வை உடையோர்க்கு ஒளி விழித்திரையை எட்டுமுன்னரே குவிந்துவிடுகிறது. இப்படலத்தின் வளைவைச் சிறிது தட்டையாக்கினால் ஒளி உரிய இடத்தில் குவியும். கருத்து எளிது, அதற்கேற்ற கருவிதான் நெடுநாள் கிட்டவில்லை.

ஜப்பானிய மருத்துவர் சாட்டோ, 1940ஆம் ஆண்டையொட்டி, படலத்தின் உட்புறத்தையும் கத்தியால் கீறினார். பார்வை சீர்பட்டது. ஆனால் படலம் தெளிவாக இருப்பதற்கு அவ்வுட்புற உயிரணுக்களே காரணம் என்பதை அன்று மருத்துவ உலகம் அறியவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் அக்கண்களுள் பல மங்கிப்போயின. 1970களில் மாஸ்கோவில் ஃபியோதரவ் வெளிப்புறத்தை மட்டும் கீறும் முறையைப் பரப்பினார். அம்முறையில் கீறப்பட்ட கண்களை அமெரிக்காவில் பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, 100க்கு 43 கண்கள் தூரப்பார்வையின் பக்கம் நகர்ந்திருக்கக் கண்டனர்.

விடை மருத்துவமனைக்கு வெளியிலிருந்து வந்தது. நியூயார்க் மாநிலத்து ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்தார் வேதியியலறிஞர் ரங்கசாமி சீனிவாசன். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அவர். 1981 நவம்பர் 27 அன்று, முந்திய நாள் விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டின்மீது எக்சைமர் லேசரின் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். சுற்றுப்புறம் கருகாமல் துல்லியமான வெட்டு விழுந்தது. கதிர் மேற்பரப்பின் மிக நுண்ணிய அடுக்கை மட்டும் சிதைத்து, வெப்பம் பரவுமுன்னரே அகற்றிவிடுகிறது. உடன் ஆராய்ந்த வின், புளம் ஆகியோர்க்கும் இக்கண்டுபிடிப்பில் பங்குண்டு.

1983இல் கண் மருத்துவர் டிரோக்கல், சீனிவாசனோடு சேர்ந்து, இக்கதிரால் கருவிழிப்படலத்தைச் செதுக்கலாம் என்று காட்டினார். 1988இல் மருத்துவர் மார்கரெட் மெக்டானல்டு பார்வையுள்ள மனிதக் கண்ணில் இதைச் செய்தார். அமெரிக்க அரசு பொதுப் பயனுக்கு இசைவளித்ததோ 1995இல்தான். வான்கோழியிலிருந்து அவ்விசைவு வரை 14 ஆண்டுகள்! சாட்டோவின் காலத்துப் படிப்பினையை நினைத்தால் அத்தாமதம் வீணன்று என்பீர்கள்.

இன்று மரக்கச் செய்யும் சொட்டு மருந்திட்டு, சில நிமிடங்களில் சிகிச்சை முடிகிறது. பின்னர்ச் சிலகாலம் கண் வறட்சியும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் தோன்றலாம். சிலர்க்கு அவை நீடிப்பதும் உண்டு. நாற்பதைக் கடந்தபின் படிப்பதற்குக் கண்ணாடி பெரும்பாலும் தேவைப்படவே செய்யும்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கும், கண்ணாடியின் பவர் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருப்பவர்க்கும், படலம் மெலிந்தவர்க்கும் இச்சிகிச்சை ஏற்றதன்று. ஒளி அகற்றிய பகுதி மீண்டும் வளர்வதில்லை. ஆகவே மாணவர்களே, மருத்துவர் 'பொறு' என்றால் பொறுத்திருங்கள். அதுவரை கண்ணாடியை நாணமின்றி அணியுங்கள்.