பீப்பாயும் ரொட்டியும்

மன்னர்களின் போர்களையும் ஆளுநர்களின் ஆணைகளையும் மட்டுமே வரலாறு என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஓர் ஊரில் யார் எதை உண்டார்கள், யார் எந்த மேசையில் அமர்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று விசாரித்தால் அதுவும் வரலாறுதான்.

இன்று நுவரெலியாவில் உல்லாசப் பயணிகளை நம்பி நடக்கும் உணவகங்களிலே பர்கரும் பியரும் ஒரே மேசைக்கு வருகின்றன. இதனை நேற்று வந்த மேல்நாட்டு நாகரிகம் என்று நம்மவர் பலர் சொல்வதுண்டு. பர்கரைப் பொறுத்தவரை அது சரி. ஆனால், மலைநாட்டிலே பியர் தேயிலைத் தொழிலை விட மூத்தது என்று சொன்னால் சிலர் வியப்படையக்கூடும்.

லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டில். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறிவிட்டார். காய்ச்சலால் வாடியிருந்தபோது உடல் தேறுவதற்காக மலையேறியவர் அவர். குளிர் காற்றிலே உடம்பு தேறியதும், இங்கேயே ஓர் ஆங்கிலக் கிராமத்தை அமைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1848இல் ஆட்களையும் கால்நடைகளையும் கருவிகளையும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து பண்ணை வைத்தார். மறு ஆண்டு, அதாவது 1849இல், பியர் வடிப்பும் தொடங்கியது. பிற்காலத்தில் லயன் என்ற பெயரில் புகழ்பெற்ற ஆலையின் வரலாறு அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடப்படுகிறது. பேக்கர் பின்னர் ஆபிரிக்கா சென்று, 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டு உலகுக்கு அறிவித்து, 'சேர்' பட்டமும் பெற்றார்.

ஏன் இந்த மலையைத் தேர்ந்தார்கள்? குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலம் அது. பியர் நொதிக்கும்போது வெப்பம் மிகுந்தால் புளித்துக் கெட்டுவிடும். கொழும்பின் வெக்கையில் செய்ய முடியாததை, கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலே இயற்கையே செய்து கொடுத்தது. இந்தியாவிலும் ஆங்கிலேயர் கசௌலி, மறீ போன்ற மலைவாசத்தலங்களிலேயே பியர் ஆலைகளை அமைத்தனர். மறீ ஆலை தோன்றியது 1860இல். நுவரெலியாவில் 1881இல் இத்தொழில் முறையான வணிக ஆலையாக வளர்ந்தது. பீதுருதாலகாலை மலையடிவாரத்தில் விழும் 'லவர்ஸ் லீப்' அருவியின் நீர் அதற்குப் பயன்பட்டது. மோல்ட்டும் ஹொப்ஸும் கடல் கடந்து வந்தன. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டும்வரை இத்தகைய பாரமான சரக்குகள் றம்பொடைக் கணவாயில் மாட்டு வண்டிகளில்தான் ஏறவேண்டியிருந்தது.

இந்த ஆலையின் புகழுக்குக் காரணம் 'ஸ்டவுட்' எனப்படும் கரிய பியர். மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் உலகத்துப் பியர்களைச் சுவைத்து எழுதியவர், 2007இல் காலமானார். அவர் பாராட்டி எழுதியதால் இந்த மலைநாட்டுப் பானத்தின் பெயர் மேல்நாடுகளிலும் பரவியது. ஆனால் நாம் கவனிக்கவேண்டியது அந்தப் பியரின் பூர்வீகத்தை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் இது 'போர்ட்டர்' எனப்பட்டது. போர்ட்டர் என்றால் சுமை தூக்குபவர். தேம்ஸ் நதித் துறையிலும் சந்தைகளிலும் மூட்டை சுமந்தவர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. அதில் உரம் மிகுந்த வகையே ஸ்டவுட் போர்ட்டர் என்றாகி, பின்னர் வெறும் ஸ்டவுட் ஆயிற்று.

பர்கரின் கதையும் அப்படித்தான். அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் 1921இல் தொடங்கிய 'வைட் காசில்' கடை ஒரு பர்கரை ஐந்து சதத்துக்கு விற்றது. வேலைக்கிடையே அவசரமாகப் பசியாற வேண்டிய சாதாரண மக்களின் உணவு அது. ஆக, இன்று நம் நகரத்தில் நாகரிகமாகத் தோன்றும் இவ்விரண்டும் பிறந்த இடத்தில் பாட்டாளியின் உணவும் பானமுமேயாகும். மலையேறி வந்தபோது பியர் துரைமாரின் பானமாகிவிட்டது. 1876இல் தோட்டத்துரைமார் அமைத்த ஹில் கிளப்பில் இலங்கையருக்கு நெடுங்காலம் உறுப்புரிமையே இல்லை. உள்ளூர்ப் பெரிய மனிதருக்கே இல்லாத இடம், சுமை தூக்கிய கூலித் தமிழனுக்கு எப்படிக் கிடைக்கும்?

அவனுக்கு வேறு இடம் வைத்திருந்தார்கள். அது தவறணை. கள்ளும் சாராயமும் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசு வருமானம் தேடியது. 1904இலும் 1912இலும் இந்நாட்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கம் இந்தக் கொள்கையையே எதிர்த்தது. தோட்டத் தொழிலாளியோ ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்தான். கங்காணியிடம் பட்ட கடனைக் குறிக்கும் 'துண்டு' இல்லாமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. லண்டனில் நிலக்கரி இறக்கிய தொழிலாளரும் ஒரு காலத்தில் மதுக்கடைக்காரர் மூலமே வேலை பெற்று, உழைத்ததை அங்கேயே குடித்துத் தீர்த்தனர். 1843இல் ஒரு சட்டம் வந்து அவர்களை அந்தப் பிடியிலிருந்து விடுவித்தது. கடனும் குடியும் சேர்ந்து உழைப்பாளியைக் கட்டிப்போடுவது எங்கள் மலைக்கு மட்டும் உரிய கதையல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இங்கே அதன் சுமை பெண்ணின் முதுகில் விழுந்தது. கூடை சுமந்து கொழுந்து பறித்தவள் அவள். பல தோட்டங்களில் அவளுடைய சம்பளத்தையும் சேர்த்துக் கையில் வாங்கியவன் தகப்பனோ கணவனோ. அந்தப் பணம் லயத்துக்கு வரும் வழியில் தவறணை இருந்தது. லயத்தில் அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலை அவளுக்கு மட்டுமே மிஞ்சியது.

அந்த அடுப்பில் வெந்தது என்ன? தொடக்கத்தில் தோட்டம் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட அரிசி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி பங்கீட்டுக்கு வந்தபின், இறக்குமதியான கோதுமை மா லயங்களில் நிலைகொண்டது. மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, முடிந்தபோது தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தட்டிச் சுட்ட ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சம்பல், உடன் சாயத்தண்ணீர். விடியற்காலைப் பிரட்டுக்கு ஓடுகிறவளுக்கு இதைவிட விரைவான சாப்பாடு எது? 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு சுருங்கியபோது இந்த ரொட்டிக்கும் பஞ்சம் வந்தது. பட்டினியாலும் நோயாலும் தோட்டங்களில் மரணங்கள் பெருகின. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மா விலை ஏறியபோது அந்த நாட்களைத்தான் முதியோர் நினைவுகூர்ந்தார்கள்.

கோதுமை மாவால் செய்த ரொட்டியும் பர்கரும் ஒருவகையில் ஒரே குலம். இரண்டும் உழைப்பாளி கையிலேந்தி உண்ட உணவு. ஆனால் ஒன்று உலகத்தைச் சுற்றி வந்து மேசையில் ஏறியது. மற்றது பறித்த கொழுந்துக்கு அருகிலேயே, மலைச்சரிவில் குந்தியிருந்து உண்ணப்பட்டது.

காலம் மாறாமலில்லை. 1990களின் பிற்பகுதியில் பியர் உற்பத்தி பியகமைக்கு நகர்ந்தது. இயந்திரம் குளிரைத் தந்தபின் மலையின் குளிர் தேவைப்படவில்லை. துரைமார் பங்களாக்கள் பல விடுதிகளாயின. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே 1996இல் ஹோட்டலாக மாறியது. கொழுந்து வாடிய இடத்திலே விருந்தினர் தங்குகிறார்கள். அத்தகைய இடங்களில் தட்டேந்தி நிற்கும் இளைஞர்களில் லயத்திலே பிறந்தவர்களும் உண்டு. அவர்கள் கற்ற ஆங்கிலமும் பெறும் சம்பளமும் முன்னேற்றமே. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் தேயிலைத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டதை நினைத்துப் பார்க்கவேண்டும். அந்தச் சம்பளக்காரர் தம் குடும்பத்தோடு நகரத்து மேசை ஒன்றில் அமர்ந்து, விலைப்பட்டியலைப் பதறாமல் வாசிக்கக்கூடிய நாள் இன்னும் வரவில்லை.

குடியைப் பரப்பவேண்டும் என்பதல்ல என் கருத்து. தவறணை அழித்த குடும்பங்களை நாம் அறிவோம். உழைப்பவனின் உணவு பெருமை பெறும்போது உழைப்பவனும் பெருமை பெறவேண்டும் என்பதே. சுமை தூக்கியவன் பெயரைத் தாங்கிய பானத்துக்கு லண்டன் வரலாறு எழுதிவைத்திருக்கிறது. எங்கள் பாட்டிமார் விடியலில் தட்டிய ரொட்டிக்கும் யாராவது எழுதவேண்டும். மலையகத்து இளைஞர்களே, வீட்டிலுள்ள முதியவர்களிடம், அந்த நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள்.