டிராக்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

உழவு ஓட்டும்போது மீட்டரில் விளக்கு எரிந்தால், முதலில் நிறத்தைப் பாருங்கள்.

சிவப்பு ஆயில் விளக்கு: இன்ஜினில் ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது. 'இந்தச் சால் முடியட்டும்' என்று ஓட்டாதீர்கள். உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஆயில் அழுத்தமின்றிச் சில நிமிடங்கள் ஓடினாலே பேரிங் தேய்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளலாம். 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி செருகி எடுத்து அளவு பாருங்கள். டிராக்டர் சாய்ந்து நின்றால் அளவு தவறாகக் காட்டும். குறைந்திருந்தால் அதே ரக ஆயிலை மேல்கோடு வரை ஊற்றுங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனால்: வேலையை நிறுத்துங்கள். ரேடியேட்டர் வலையில் அடைத்த வைக்கோல் தூசியை, இன்ஜின் ஆறிய பிறகு நீக்குங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் வெந்நீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

மஞ்சள் இன்ஜின் விளக்கு: எலக்ட்ரானிக் இன்ஜின் உள்ள புதிய டிராக்டர்களில் இது வரும். சுமையைக் குறைத்து மெதுவாக ஓட்டிவந்து, சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வைத்துப் பாருங்கள்.

தினமும் காலையில் சாவி போட்டதும் ஆயில் விளக்கு எரிய வேண்டும்; ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால் பல்பையோ ஒயரையோ மாற்றிய பிறகே வயலில் இறக்குங்கள்.