ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள்



லோயர் கேம்பில் இருக்கும் நமக்குத் திருவிதாங்கூர் என்றதும் பெரியாற்றுத் தண்ணீருக்காக 1886-ல் எழுதிக் கையெழுத்திட்ட 999 வருட ஒப்பந்தம்தான் ஞாபகம் வரும். அதே சமஸ்தானத்தில், அதற்கு 130 வருடங்களுக்கும் முன்னால், அரண்மனை உத்தியோகம் பார்த்த ஒருவர் தம் விசுவாசத்துக்காக மூன்று வருடம் வதைபட்டு உயிர் விட்டார். அவர்தான் புனித தேவசகாயம். நானும் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் அவரை நம் உத்தியோக வர்க்கத்தில் ஒருவராகவே நினைத்துக் கொள்வேன்.

இயற்பெயர் நீலகண்டன். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர். மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை. 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்ட டி லனாய் என்ற அதிகாரி, பின்னர் மகாராஜாவின் படைக்கே தளபதியானார். இன்று பிரான்சில் உள்ள ஆராஸ் ஊர்க்காரர் இந்த டி லனாய். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்த ஊர்ப்பெயரைப் பார்த்ததும் கதையில் கூடுதல் ஈடுபாடு வந்தது.

நீலகண்டன் வீட்டில் மாடுகள் செத்தன, பயிர் நஷ்டமாயிற்று. மனம் உடைந்திருந்தவருக்கு டி லனாய் வேதாகமத்திலிருந்து யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில், சேசு சபைக் குருவானவர் புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கி 'தேவசகாயம்' என்று பெயரிட்டார்கள். மனைவி பார்கவியும் தெரேசாள் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார்.

1749-ல் கைது செய்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமையின் மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து, ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டி வைத்தார்கள். கடைசியில் 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 1756-லேயே கொச்சி ஆயர் இதைப்பற்றி ரோமாபுரிக்கு எழுதியிருக்கிறார். ராஜதுரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டார், மதத்துக்காக அல்ல என்று சொல்லும் சரித்திரக்காரர்களும் உண்டு. ஆனால் அந்த மலைக்கு வந்து மண்டியிட்ட ஜனங்கள் அவரை வேதசாட்சியாகவே நினைத்தார்கள்.

நான் அடிக்கடி யோசிப்பது அந்த மூன்று வருடங்களைப் பற்றித்தான். குண்டு பாய்வது ஒரு நொடி. மூன்று வருடம் என்றால் ஆயிரம் நாளுக்கு மேல். பழைய மார்க்கத்துக்குத் திரும்பிவிடுகிறேன் என்று எந்த நாளில் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பார்கள். வீடும் உத்தியோகமும் திரும்பக் கிடைத்திருக்கும். அந்த ஆயிரம் நாளும் அவர் அதைச் சொல்லவில்லை. யோபுவுக்குக் கடைசியில் இழந்ததெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. இவருக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. தெரேசாளும் கணவரை இழந்தபின் வடக்கன்குளத்திலேயே காலம் கழித்து, அங்கேயே அடக்கமானார். அந்த அம்மாளின் பொறுமையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அதே வடக்கன்குளத்தில் பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். உயர்குடியில் பிறந்தும் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார் என்பதும் தேவசகாயத்தின் மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். ஆனால் 1872-ல் அங்கே எழுந்த கோயில், கால்சட்டை போல இரண்டு கிளையாகக் கட்டப்பட்டது. ஒரு சாதிக்கு ஒரு கிளை! 1910-ல் தடுப்பை எடுத்தபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. தடுப்பு வேண்டும் என்றவர்கள் தோற்றார்கள். விலங்கு மாட்டியவரிடம் விசுவாசத்தை விட்டுக் கொடுக்காதவரின் ஊரில், எந்த விலங்கும் இல்லாத காலத்தில் அது தவறிப் போயிற்று.

2022 மே 15-ல் ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே. சகாராவில் 1916-ல் கொல்லப்பட்ட பிரெஞ்சுக்காரர் சார்ல் தெ ஃபுக்கோவும் அன்றே புனிதரானார். அந்த அறிவிப்பில் தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப்பெயர் இல்லை. நீக்க வேண்டும் என்று கேட்டு எழுதியவர் ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர்.

நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் கல்லறையைப் பாருங்கள். காற்றாடிமலையில் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறை ஒன்று உண்டு. ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பாருங்கள். வியாதி, கடன், பிள்ளைகள் தூரத்தில் இருக்கும் தனிமை என்று நம் வயதில் ஆளுக்கொரு பாரம் இருக்கிறது. இன்றைய ஒரு நாளை விசுவாசத்தோடு கடந்தால் போதும். நாளைக்கு நாளை பார்த்துக் கொள்ளலாம். அவரும் அப்படித்தான் ஆயிரம் நாளைக் கடந்திருப்பார்.