குஸ்குஸ் சாட்சி சொன்ன காலம்

அண்மைக் காலமாக நம் இல்லங்களின் இஃப்தார் விரிப்பில் குஸ்குஸும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் சில நிமிடங்களில் பக்குவமாகிவிடுகிறது. இத்துணை எளிதாக நாம் உண்ணும் இவ்வுணவு, ஒரு காலத்தில் மனிதர்களை விசாரணை மன்றத்தில் நிறுத்தியது.

குஸ்குஸ் வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களுடைய உணவு. கோதுமை ரவையில் உப்புநீர் தெளித்து, கையால் உருட்டிச் சிறு மணிகளாக்குவர். இறைச்சியும் காய்களும் கொதிக்கும் பானையின்மேல் துளையிட்ட பாத்திரத்தை ஏற்றி, அந்த ஆவியிலேயே மணிகளை வேகவைப்பர். இரண்டும் சேருமிடத்தை, நாம் பிரியாணிக்குத் தம் போடுவதுபோல, மாவு பூசி அடைப்பதும் உண்டு. கடல் கடந்து அந்தலூஸிலும் இது வேரூன்றியது. முர்ஸியாவில் பிறந்த இப்னு ரஸீன் அத்துஜீபி 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சமையல் நூலில் குஸ்குஸ் இருக்கிறது. கத்தரிக்காய்ப் பக்குவங்களும் நிறையவே இருக்கின்றன. ஊர் கைவிட்டுப் போனபின் புலம்பெயர்ந்து துனிஸில் வாழ்ந்தவர் அவர். இழந்த ஊரின் அடுப்படியை ஏட்டில் காத்துவைக்கும் முயற்சியாகவே அந்நூல் எனக்குத் தோன்றுகிறது.

1492இல் கிரனாடா வீழ்ந்தது. சமய உரிமை காக்கப்படும் என்ற உடன்படிக்கை பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. ஞானஸ்நானம் பெறுக, அன்றேல் நாட்டைவிட்டு வெளியேறுக என்று காஸ்டில் முஸ்லிம்களுக்கு 1502இல் கட்டளை பிறந்தது. அவ்வாறு மதம் மாற்றப்பட்டவர்களே மொரிஸ்கோக்கள். பள்ளிவாசல்கள் தேவாலயங்களாயின, அரபு நூல்கள் எரிக்கப்பட்டன. எஞ்சியது வீடு ஒன்றே.

அதையும் விட்டுவைக்கவில்லை இன்குவிசிஷன் என்னும் சமய விசாரணை மன்றம். ஒருவரது உள்ளத்தில் இருக்கும் ஈமானை எவ்வாறு கண்டறிவது? அவரது சட்டியைப் பார்த்தார்கள். பன்றி இறைச்சியையும் மதுவையும் தவிர்த்தல், பன்றிக் கொழுப்பை விடுத்து ஆலிவ் எண்ணெயில் சமைத்தல், கிப்லாவை முன்னோக்கி அறுத்தல், தரையில் அமர்ந்து குஸ்குஸ் உண்ணுதல் ஆகியன குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றன. ரமழான் பகலில் அடுப்பு எரியாததும் ஐயத்திற்கு இடமளித்தது. துப்புக் கொடுத்தோர் பெரும்பாலும் அண்டை வீட்டாரும் பணியாட்களுமே. இரண்டாம் பிலிப் 1567இல் நடைமுறைப்படுத்திய சட்டம் அரபு மொழியையும் உடையையும் குளியலறைகளையும் தடைசெய்தது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவுகளைத் திறந்தே வைக்கவும் பணித்தது.

இந்நெருக்கடியில் அவர்களுக்குக் கிடைத்த மார்க்க வழிகாட்டல் சிந்திக்கத்தக்கது. 1504இல் வஹ்ரானைச் சார்ந்த முஃப்தி அஹ்மத் இப்னு அபீ ஜும்ஆ ஒரு ஃபத்வா வழங்கினார். பன்றி இறைச்சியை உண்ணுமாறு நிர்ப்பந்திக்கப்பட்டால், அது ஹராம் என்று உள்ளத்தால் மறுத்தவாறே உண்ணலாம் என்பது அதன் ஒரு பகுதி. அக்கவளத்தை விழுங்கிய ஒரு தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். நம்மில் எவரும் இதுவரை அத்தகைய சோதனைக்கு ஆளானதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் மொரிஸ்கோக்கள் நாடுகடத்தப்பட்டனர். பலர் மொரோக்கோவிலும் அல்ஜீரியாவிலும் கரையேறினர். துனிசியாவில் அவர்கள் எழுப்பிய தஸ்தூர் நகரம் இன்றும் அந்தலூஸியச் சாயலோடு நிற்கிறது. 2020இல் அல்ஜீரியா, மொரோக்கோ, துனிசியா, மௌரித்தானியா ஆகிய நான்கு நாடுகளும் கூட்டாக விண்ணப்பித்து, குஸ்குஸை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தன.

மக்களை விரட்டிய ஸ்பெயினால் அவர்களது சமையலை விரட்ட இயலவில்லை. எந்த எண்ணெயின் வாசனை அன்று காட்டிக்கொடுத்ததோ, அதை உலகிலேயே மிகுதியாக உற்பத்தி செய்யும் நாடு இன்று அதுதான். அரிசிக்கும் சர்க்கரைக்கும் கத்தரிக்காய்க்கும் அரபு வழிவந்த பெயர்களையே அவர்கள் வழங்குகின்றனர். இறைச்சி உருண்டைக்கு ‘அல்பொந்திகா’ என்று பெயர். அரபியில் ‘அல்புந்துக்கா’, சிறு கொட்டையைப் போன்ற உருண்டை. இப்போது அதில் பன்றி இறைச்சியைக் கலப்பது வழக்கமாகிவிட்டதால், அங்கே செல்லும் முஸ்லிம் பயணி கேட்டறிந்த பின்னரே அதில் கைவைக்க வேண்டியிருக்கிறது.