நாடியில் விரல் வைத்த மரபு

மருத்துவ மேதை இப்னு சீனா தமது ‘அல்கானூன்’ நூலில் நாடியின் வேகத்தை மட்டுமன்றி ஒழுங்கையும் ஆராய்ந்தார். சீரற்ற துடிப்பிலும் ஒரு முறைமைக்கு உட்பட்டது, எதற்கும் உட்படாதது என இருவகை கண்டார். இப்பின்னதைப் போன்ற துடிப்புக்கு இதய மேலறை நடுக்கம் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) காரணமாகலாம் என்பதை 1909இல் தாமஸ் லூயிஸ் இ.சி.ஜி. வழியே நிறுவினார்.

இந்நோயில் மேலறையில் உறையும் இரத்தம் மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரும். அதைத் தடுப்பதற்கே இரத்தம் உறையாமைக்கான மாத்திரை தரப்படுகிறது. படபடப்பு நின்றதென்றோ நோன்பு வந்ததென்றோ நாமாக அதை நிறுத்தலாகாது. நோன்பு நோற்கலாமா, மாத்திரையை எவ்வேளையில் உண்பது என்பவற்றை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிவோம். இயலாத நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். சுபுஹுத் தொழுகைக்குப்பின் வீட்டுப் பெரியவரின் மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துவைப்போம்.