சம்பளமும் முதலும்: எட்டயபுரம் சின்னசாமி ஐயரின் பருத்தி ஆலை

பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை நிறுவிப் பொருளிழந்த செய்தியைப் பாரதி வரலாறுகள் பெரும்பாலும் ஓரிரு தொடர்களில் கடந்துவிடுகின்றன. கவிஞரின் வறுமைக்குரிய முன்கதையாக மட்டுமே அது பயன்பட்டுவந்துள்ளது. அரண்மனைச் சார்பில் வாழ்ந்த, கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் ஈடுபாடுடைய ஒருவர் தொழில்முனைவோராக மாற முயன்ற நிகழ்வாக அதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலம் அவருக்குச் சாதகமாகவே தோன்றியிருக்க வேண்டும். 1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை கோவில்பட்டி வழியாகத் திறக்கப்பட்டது. 1880களில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலைகள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் எழுந்தன. எட்டயபுரத்தைச் சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல். ஆயினும் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் அரைவைத் தொழில், விளைவிப்போனுக்கும் ஏற்றுமதி நிறுவனத்துக்கும் இடையே சிக்கிய தொழிலாகும். வெடித்த பருத்தி வீடு வந்து சேரும் சில மாதங்களே இயந்திரம் ஓடும். போட்ட முதலுக்கான வட்டியோ ஆண்டு முழுவதும் ஓடும். பஞ்சின் விலையைத் தூத்துக்குடி ஏற்றுமதியாளரும், அவர்கள் வழியே லிவர்பூல் சந்தையும் முடிவுசெய்தன. அரண்மனைச் சம்பளம் குறைவாயினும் மழை பொய்த்த ஆண்டிலும் வருவது. ஆலை வருமானம் அத்தகையதன்று.

1910இல் வெளிவந்த ‘கனவு’ என்னும் தன்வரலாற்றுக் கவிதையில் பாரதி இவ்வீழ்ச்சிக்கு அந்நியரின் சதியைக் காரணமாக்குகிறார். செல்வம் இருந்தவரை புகழ்ந்த நண்பர்கள் விலகியதையும் பதிவுசெய்கிறார். அதே கவிதை, பொருளீட்டலையே மேன்மையெனக் கொண்ட தந்தையின் போக்கைக் குறையாகவும் காண்கிறது. இவ்விரண்டு தீர்ப்புகளும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவனவல்ல. வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் ஆங்கிலேய நிறுவனத்தின் கட்டணக் குறைப்பாலும், 1908இல் அவர் சிறைப்பட்டதாலும் நலிந்திருந்த வேளையில் இக்கவிதை வெளிவந்தது. எனவே சதி என்னும் விளக்கத்தில் 1890களின் நினைவோடு சுதேசிக் காலத்தின் கசப்பும் கலந்திருக்கிறது என்பது என் கருத்து. ஐரோப்பிய முதலாளிகளின் ஆதிக்கம் உண்மையே. ஆனால் விலையும் பருவமும் வட்டியும் சேர்ந்து நெருக்கும் ஒரு தொழில் நொடிக்கத் தனியே ஒரு சதி வேண்டியதில்லை.

கப்பல் நிறுவனம் பத்து லட்ச ரூபாய் முதலை 25 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்துத் திரட்ட முற்பட்டது. இழப்பு நேரின் பலர்மேல் பரவும். எட்டயபுரத்து ஆலையின் வீழ்ச்சி ஒரு குடும்பத்தின் வாழ்வையே குலைத்தது. 1897இல், தந்தை உயிருடன் இருக்கும்போதே, கல்விக்கு உதவி வேண்டி எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளில் விண்ணப்பித்தார் பதினான்கு வயது மகன். 1898இல் சின்னசாமி ஐயர் மறைந்தார். காசிக்குச் சென்று படித்துத் திரும்பிய மகன் 1902இல் அமர்ந்ததும் அதே அரண்மனைப் பணியில்தான். 1904இல் அதனை விட்டு அவர் மதுரை சேதுபதி பள்ளிக்கும், அங்கிருந்து சென்னை ‘சுதேசமித்திரன்’ அலுவலகத்துக்கும் சென்றார். இரண்டும் மாதச் சம்பள வேலைகளே.