அகலத்திரை: ஒரு பழைய வினா



மேசைமீது இரண்டு கணினித் திரைகளை அருகருகே வைத்துக் கணக்கெழுதும் நண்பரொருவர் அண்மையில் என்னிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். அவருடைய ஆண்டுக் கணக்கேட்டில் பன்னிரண்டு மாதங்களும் வரிசையாக நிற்கின்றன. ஏட்டை இரு திரைகளிலும் விரித்தால், யூன் மாதத்துக்கும் யூலை மாதத்துக்கும் நடுவே திரைகளின் கரிய விளிம்புகள் சுவரெனக் குறுக்கிடுகின்றன. இரண்டையும் அகற்றிவிட்டு, மிகையகலத் திரை ஒன்றை வாங்கலாமா என்பதே அவர் வினா. ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் பொருளாதலின் அவர் தயங்கினார்.

இவ்வினா புதியதன்று. 1950களில் படமாளிகை உரிமையாளர் பலர் இதே வினாவை எதிர்நோக்கினர். அவ்வரலாற்றை ஒருமுறை நோக்குவோம்.

திரைப்படத்தின் முதல் வடிவம் ஏறக்குறைய 1892ஆம் ஆண்டளவில் எடிசனின் ஆய்வுகூடத்திலே பிறந்தது. அங்கு பணியாற்றிய டிக்சன் என்பார், 35 மில்லிமீற்றர் அகலமான படச்சுருளில் ஓர் அங்குல அகலமும் முக்கால் அங்குல உயரமுமுள்ள சட்டகத்தை அமைத்தார். நான்குக்கு மூன்று என்னும் இவ்விகிதம், சிறிய மாற்றங்களுடன் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. பின்னர் வந்த தொலைக்காட்சியும் அதனையே ஏற்றது.

தொலைக்காட்சி வீடுகளுள் புகுந்ததும் அமெரிக்கப் படமாளிகைகளில் கூட்டம் குறைந்தது. வீட்டிலுள்ள பெட்டி தரமுடியாத ஒன்றைத் தந்தாலன்றி மக்கள் வாரார் என்பதைப் படத்தொழிலினர் உணர்ந்தனர். 1952ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள் நியூயோர்க் நகரில் 'சினரமா' அரங்கேறியது. மூன்று படமெறி கருவிகள் வளைந்த பெருந்திரையொன்றில் மூன்று பகுதிகளை அருகருகே வீழ்த்தின. மக்கள் வியந்தனர், ஆயினும் பகுதிகள் கூடுமிடத்தில் இரண்டு தழும்புகள் தெரிந்தன. என் நண்பரின் மேசையிலுள்ள குறையும் இதுவே.

தழும்பற்ற அகலத்துக்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி கிரெத்தியன். அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் ஒடுக்கிச் சுருளிற் பதித்து, திரையில் மீண்டும் விரிக்கும் வில்லையை அவர் 1920களிலேயே ஆக்கியிருந்தார். அதனைக் கொண்டு 1953ஆம் ஆண்டு 'சினிமாஸ்கோப்' முறை வெளிவந்தது. ஒரே கருவி, ஒரே படம், தழும்பில்லை. எனினும் செலவு திரையோடு முடியவில்லை. நால்வழி ஒலிக்கருவியும் பொருத்தவேண்டுமென உரிமை பெற்ற நிறுவனம் முதலில் வற்புறுத்திற்று. சிறிய மாளிகையினர் அதனைத் தாங்கமாட்டாமல் மறுத்தனர். 1954இல் அந்நிபந்தனை தளர்ந்தது. முகத்தை அண்மையிற் காட்டும்போது கன்னங்கள் வீங்கித் தோன்றியதும் அம்முறையின் தொடக்கக் குறையாகும்.

அந்நாளில் மற்றொரு குறுக்குவழியும் தோன்றிற்று. பழைய வடிவில் எடுத்த படத்தின் மேலும் கீழும் மறைத்துவிட்டு, அதனை அகலப்படமென்று காட்டினர். உயரம் குறைந்ததேயன்றி அகன்ற காட்சியேதும் கூடவில்லை. இதனை நாம் மறத்தலாகாது.

ஏனெனில், கணினியிலும் இதுவே நிகழ்ந்தது. நான்குக்கு மூன்றாயிருந்த கணினித் திரை, 2000களின் பிற்பகுதியில் தொலைக்காட்சியைப் பின்பற்றிப் பதினாறுக்கு ஒன்பதாயிற்று. 1,024 புள்ளி உயரமுள்ள திரையில் எழுதிவந்த பலர், 768 புள்ளி உயரமுள்ள 'அகலத்திரை' பெற்றனர். 2012ஆம் ஆண்டளவில் இருபத்தொன்றுக்கு ஒன்பது எனப்படும் மிகையகலத் திரைகள் மேசைக்கு வந்தன.

திரையை மூலைவிட்டத்தால் அளந்து விற்பது வழக்கம். அவ்வளவு நம்மை மயக்கவல்லது. மூலைவிட்டம் 20 அங்குலமான நான்குக்கு மூன்று திரையின் பரப்பு 192 சதுர அங்குலம். பதினாறுக்கு ஒன்பதில் அது ஏறக்குறைய 171. இருபத்தொன்றுக்கு ஒன்பதில் 140க்குச் சற்று மேல். அகலம் கூடக்கூட, அதே அளவு குறைந்த பரப்பையே தருகின்றது. 34 அங்குல மிகையகலத் திரையின் உயரம் சாதாரண 27 அங்குலத் திரையின் உயரமே.

நண்பரின் இரு திரைகளும் 24 அங்குலத்தன. சேர்த்தால் ஏறக்குறைய 42 அங்குல அகலமும் 3,840 புள்ளிகளும் உள. வாங்கக் கருதியதோ 31 அங்குல அகலமும் 3,440 புள்ளிகளும் உடையது. ஆகவே அகலத்தில் அவர் இழப்பார்; 1,080 புள்ளி உயரம் 1,440 ஆவதால் உயரத்தில் பெறுவார்; தழும்பும் நீங்கும். பழைய கணினி இத்தனை புள்ளிகளையும் அனுப்பவல்லதா என்பதையும் முன்னரே அறிதல் வேண்டும். இன்றேல் ஒலிக்கருவிச் செலவுபோல இதுவும் பின்னால் வந்து நிற்கும்.

அகலமெல்லாம் படிப்பதற்கு உதவுமென எண்ணுதலும் தவறு. செய்தித்தாளின் அகன்ற தாளைப் பத்திகளாகப் பிரித்தனர். மிக நீண்ட வரியின் முடிவிலிருந்து கண் திரும்பும்போது அடுத்த வரியைத் தவறவிடும். மிகையகலத் திரையிலும் கடிதத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை விரிப்பார் இலர்; இரண்டு மூன்று பத்திகளாகப் பிரித்தே பயன்கொள்வர்.

அவ்வாறாயின் விடை யாது? தழும்பு ஒரே காட்சியைப் பிளந்தால் அது குறை. இரு வேறு ஏடுகளைப் பிரித்தால் அது எல்லைக்கோடு. நான் மொழிபெயர்ப்பாளன். மூலம் ஒரு திரையில், என் எழுத்து மற்றொன்றில். நடுவிலுள்ள விளிம்பு என்னை ஒருநாளும் வருத்தியதில்லை. எனக்கு மாற்றம் வேண்டுவதில்லை. நண்பரின் ஏடோ ஒன்றே; அதனை நாள்தோறும் யூனிலும் யூலையிலும் பிளந்து பார்க்கிறார். எனவே அவர் மாறுவது தகும் என்றேன். ஆயினும் முதலில் 31 அங்குல நீளமும் 13 அங்குல உயரமுமாக ஓர் அட்டையை வெட்டி மேசைமேல் நிறுத்தி, கழுத்தை வருத்தாமல் இரு ஓரங்களும் கண்ணுக்கு எட்டுகின்றனவா என்று ஒரு வாரம் பார்க்குமாறு கூறினேன்.

1952இலும் 1953இலும் திரையை அகலச் செய்தது கூட்டம் குறைந்த மாளிகையின் கவலை. பார்ப்பவரின் கண் அதனைக் கேட்கவில்லை. இன்று விலை கொடுப்பவர் நாம். நம் மேசையில் நடக்கும் வேலை கேட்டால் மட்டுமே திரை அகலட்டும்.